வீட்டு ஆள்

எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் எங்கள் பகுதியில் எல்லாரும் அவரைச் சொல்வோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கையிலும் போன் இருக்கிறது, ஆபரேட்டர் என்றால் யார் என்று கேட்கிற காலம். ஆனாலும் அக்காவை விட்டு அந்தப் பெயரும் போகவில்லை, பழக்கமும் போகவில்லை. பேச்சுக்கு நடுவே அடுப்பில் பால் பொங்கினால் "லைன்ல இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் "ம், கேக்குது, சொல்லு" என்பார். எந்த இடத்தில் விட்டோம் என்று நமக்கே மறந்திருக்கும். அவர் எடுத்துக் கொடுப்பார்.

அவருடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அக்கா எதையும் செய்ய மாட்டார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம். அதை வெட்டிவிட நினைத்தார். மரமும் அவருடையது, மண்ணும் அவருடையது. அதற்கும் இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, பின்வீடு என்று போய் உட்கார்ந்து, "கம்பளிப்பூச்சி ரொம்ப வருது, வெட்டிரலாம்னு பாக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார். பின்வீட்டு ஆச்சி, "பொறவு கீரைக்கு நான் எங்கன போவேன்?" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மரம் இன்னும் நிற்கிறது. அக்கா வருஷாவருஷம் கம்பளிப்பூச்சிக்குப் பந்தம் கொளுத்திக்கொண்டிருக்கிறார்.

"நீங்க ஏன்க்கா கேட்டீங்க? கேக்காம வெட்டியிருந்தா அந்த ஆச்சி என்ன செய்யப் போகுது?" என்று நான் ஒருநாள் சிரித்தேன்.

"கேட்டாச்சுன்னா கட்டுப்படணும்ட்டி. கட்டுப்பட முடியாதுன்னா கேக்கக் கூடாது" என்றார் அக்கா.

அப்போது அந்தப் பேச்சின் இரண்டாவது பாதி என் காதில் சரியாக ஏறவில்லை.

கேட்பது என்றால் போனில் கேட்பதில்லை. எங்கள் பகுதிக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. காலை வணக்கமும் பூப்படமும் வந்து குவியும். அக்கா அதில் எதையும் போட மாட்டார். "அதுல போட்டா அது அறிவிப்பு. நாய்க்கு ஊசி போட வாராங்கன்னு போடலாம். மனுசர வீடு தேடிப் போயித்தான் கூப்பிடணும்" என்பார். எங்கள் ஊர்ப்பக்கம் அது உண்மைதான். ஒரு விசேஷம் என்றால் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தட்டை நீட்டிச் சொல்ல வேண்டும். பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டால் அதை அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "எங்க வீட்டுப் படி ஏறுனாகளா? பெறகு எதுக்கு நாம போகணும்?" என்று இருந்துவிடுவார்கள்.

அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அவர் வீட்டில் அழைக்கப் போவதற்கென்றே ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. கல்கண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சின்னச் சிமிழில் குங்குமம். சர்ச் வீடுகளுக்குப் போகும்போது சிமிழ் கைப்பைக்குள் போய்விடும், எங்கள் வீடுகளுக்கு வரும்போது தட்டுக்கு வந்துவிடும். மூன்றாம் தெருவில் தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் மட்டும் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் "மீரு ராவால" என்று, நீங்கள் வரணும் என்பதைச் சொல்வார். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே எல்லாவற்றுக்கும் வருவார்.

ஒருமுறை அந்தப் பெரியவரை அழைக்க அக்காவுக்கு மறந்துபோனது. எங்கள் பகுதிப் பார்க்கில் குடிதண்ணீர்க் குழாய் திறந்த சமயம். பெரியவர் வரவில்லை, வீட்டுக் கதவைக்கூடத் திறக்கவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய், முடிந்துபோன விசேஷத்துக்கு அவரை அழைத்துவிட்டு வந்தார். பெரியவரும் மனைவியோடு புதுவேட்டி கட்டி வந்து, என்னைத் தவிர யாருமே இல்லாத பார்க்கில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அங்கே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த நான் தையல் மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

இப்படி ஊரையே அழைக்கிற அக்கா என்னை மட்டும் ஒரு நாளும் அழைத்ததில்லை.

அது குறையல்ல. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ரொம்பவும் நெருங்கின ஆட்களை யாரும் தட்டு வைத்து அழைப்பதில்லை. "ஒன்னைய வேற அழைக்கணுமாக்கும்? நீ வீட்டு ஆளு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வீட்டு ஆள் என்றால் முதல்நாளே போய்விட வேண்டும், பந்தியில் கடைசியாக உட்கார வேண்டும், பாத்திரம் எண்ணி எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. என் மகள் பெரியவளானபோது நானும் அக்காவை அழைக்கவில்லை. விடிவதற்குள் பின்வாசல் வழியாக வந்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். என்னைப் பெற்றவள் இருந்திருந்தாலும் அப்படி வந்திருக்க மாட்டாள்.

எங்கள் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேடியோ பார்க் என்று பெயர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பழைய ரோட்டில், ஊரை ஒட்டி இருக்கிற தெருக்கள். பக்கத்தில் இருந்த நூற்பாலையை நம்பி உண்டானவை. நடுவில் பார்க். வெள்ளைக்காரன் காலத்தில் ஆலை முதலாளி ஒருவர் தொழிலாளிகள் காற்று வாங்கட்டும் என்று கொடுத்த இடம். எட்டுப் பட்டையாக ஒரு மண்டபம், அதற்குள் ரேடியோ அறை, உச்சியில் நாலு திசைக்கும் வாய் பிளந்த குழாய் ஒலிபெருக்கிகள். சாயங்காலம் ஆனால் செய்தியும் பாட்டும் வைப்பார்களாம். மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஆனி ஆடியில் சாரல் காற்று நேராக மண்டபத்துக்குள் வரும்.

ஆலையை மூடினார்கள். பிறகு பைபாஸ் வந்தது. பஸ்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன. டீக்கடை, சைக்கிள் கடை, பேக்கரி என்று ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கினார்கள். வாடகைக்கு வர ஆள் இல்லை. "ரேடியோ பார்க்கா? அங்கயா இருக்கீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெருப் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுவார்கள். பார்க்குக்குள் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. மண்டபத்தில் பகலிலேயே குடி. ஒலிபெருக்கி ஒன்றுக்குள் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அக்கா, எடுத்த எடுப்பில் இந்தப் பார்க்கைக் கையில் எடுத்தார். பார்க் பிழைத்தால் பகுதி பிழைக்கும் என்பது அவர் கணக்கு. கருவேலத்தை வெட்ட வேண்டும். அதற்கு முதலில் அவர் கேட்கப் போனது யாரிடம் தெரியுமா? மண்டபத்தில் உட்கார்ந்து குடிக்கிறவர்களிடம். தட்டோடு போனார். அவர்களில் மூத்தவர் கருப்பசாமி அண்ணன், ஆலையில் வேலை போன நாளிலிருந்து அங்கேதான் இருப்பு. அவர் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாராம்.

"தம்பி, நீங்க புழங்குத எடம். ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம வெட்டுனா நல்லா இருக்காது. ஞாயித்துக்கெழமை வெட்டலாம்னு இருக்கோம். வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக அரிவாளோடு வந்து நின்றது கருப்பசாமி அண்ணன்தான். தான் போட்ட பாட்டிலை எல்லாம் தானே சாக்கில் கட்டிக்கொண்டு போனார். "என் வீட்டுல பொண்டாட்டிகூட என்னைய இப்படி மதிச்சுக் கேட்டதில்ல" என்று அன்றைக்கு என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். குடித்திருந்தார் என்பது வேறு விஷயம்.

வெட்டிய இடத்தில் திரும்ப முளைக்காமல் இருக்க, பார்க்கில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தார். அந்த ஆள் நான். அதுவரை வீட்டுக்குள்ளேதான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி செல்வி, ஒன் மெஷினத் தூக்கிட்டு வந்து மண்டபத்துத் தாழ்வாரத்துல போடு. பொம்பளை ஒருத்தி உக்காந்து தைக்கான்னா நாலு பொம்பளைக வருவாக. பொம்பளைக வந்தா பிள்ளைக வரும். பிள்ளைக வந்தா பார்க்கு பொழைச்சுரும்."

எனக்குப் பயம். பாம்பு இருந்தது, குடிகாரர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் சேத்தூர்ப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பொதுவாக எதற்கும் வாய் திறக்காதவர். அவரே முடியாது என்றார். அக்கா வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன் தம்பி" என்றார். அப்புறம் அவரால் என்ன சொல்ல முடியும்? சரி என்றுவிட்டார்.

கவனித்துப் பார்த்தால், அன்றைக்கும் அக்கா கேட்டது அவரைத்தான். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். நான் அதையும் உரிமை என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வருஷக்கணக்கில் அந்தத் தாழ்வாரம்தான் என் உலகம். காலையில் போய்க் கேட்டைத் திறப்பேன். மண்டபத்தைக் கூட்டுவேன். செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன். அப்புறம்தான் மெஷினில் உட்காருவேன். பால் வாங்க வருகிறவள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவள், எல்லாரும் செத்த நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பேச வந்தவள் அடுத்தமுறை துணியோடு வருவாள். சுந்தரபாண்டியத்திலிருந்துகூட என்னிடம் கல்யாண ரவிக்கை தைக்க வந்தார்கள். மகளைக் கல்லூரியில் சேர்த்தது அந்த மெஷின். வெயில் நேரத்தில் அக்கா ஒரு தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பார்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பொழைச்சுக்கிட்டுட்டி" என்பார். பார்க்கைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. இரண்டும் ஒன்று என்றே இருந்துவிட்டேன்.

பார்க் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் பெரிய ஆட்கள் வந்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி நன்கொடை கொடுக்க முன்வந்தது. மண்டபத்தைப் பழைய மாதிரியே பூசி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, ரேடியோவைத் திரும்பப் பாட வைப்பதாகத் திட்டம். அளக்க வந்த இன்ஜினியருக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் என் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். அக்காவிடம் தள்ளி நின்று ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் அக்கா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். தெருவில் தட்டோடு அவரைப் பார்த்தேன். "என்னக்கா, கூட்டமா?" என்று கேட்டேன்.

"ஆமாட்டி. சனிக்கெழமை. பார்க்கு விசயமா எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்ல."

"நான் என்ன செய்யணும்?"

"நீ அன்னைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் போயிப் பால்கோவா வாங்கிட்டு வரணும். நல்ல காரியம் பேசுதோம், வாயி இனிக்கட்டும். ஆறுனத வாங்காத, சூடா இறக்குததக் காத்திருந்து வாங்கு. அம்புட்டுத் தூரம் போற, ஆண்டாளையும் பாத்துட்டு நிதானமா வா. அவசரம் ஒண்ணுமில்ல."

அம்புட்டுத் தூரம் என்றால் பஸ் ஏறினால் டீ ஆறுகிற நேரம். அதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். சர்ச்சுக்குப் போகிற அக்கா என்னைக் கோயிலுக்குப் போகச் சொல்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்போது அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

சொன்னபடி செய்தேன். கடையில் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவர் "செத்த நேரம் ஆகும்" என்றார். ஆகட்டும் என்று கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். ஆண்டாள் முன்னால் நின்று என் மகளுக்காகக்கூட வேண்டவில்லை. பார்க்குக்குப் பணம் கிடைக்க வேண்டும், ஒரு தடங்கலும் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் அப்படியே பலித்தது. ஒரு தடங்கலும் வரவில்லை.

பால்கோவாப் பொட்டலங்கள் பைக்குள் இன்னும் சூடாக இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி வேகவேகமாக நடந்து பார்க்குக்கு வந்தேன். கூட்டம் முடிந்திருந்தது. யாரும் கலையவில்லை. மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் என் மெஷினைக் காணோம். அது நின்ற இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை.

"மெஷின் எங்கக்கா?"

"ஒன் வீட்டுல பத்திரமா இருக்குட்டி. மொதல்ல எல்லாருக்கும் இனிப்பக் குடு."

பூச்சு வேலை தொடங்குகிறார்கள், தூசி படுமே என்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா எவ்வளவு பொறுப்பு என்றுகூட நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். என்னிடம் ரவிக்கை தைக்கிறவர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்து மாமியாரைத் திட்டினவர்கள், நான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்கள். எல்லாரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். தெலுங்குப் பெரியவர் வாங்கும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பால்கோவா நல்லாருக்கு" என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

கருப்பசாமி அண்ணன் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை.

"எனக்கு வேண்டாம் தங்கச்சி" என்றார்.

"ஏண்ணே, இனிப்பு ஆகாதா?"

"ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் குடுக்கயா?"

"என்ன தெரியணும்?"

"உள்ள ஒரு கடையும் இருக்கக் கூடாதாம். இருந்தா பணம் தர மாட்டாவளாம். ஒன் மெஷின எடுக்கணுமா வேண்டாமான்னுதான் கூட்டம். எடுக்கலாம்னு எல்லாரும் கை தூக்கிட்டோம்." தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நானும் தூக்கிட்டேன் தங்கச்சி. அக்கா வீடு தேடி வந்து கேட்டாவ. படி ஏறி வந்து கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்ல?" என்றார்.

என் கையில் கடைசிப் பொட்டலம் இருந்தது. அதை அவர் துண்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மெஷின் நின்றது. ஒரு கீறல் இல்லை. அக்கா தன் வீட்டுப் போர்வையைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார். நான் பாதியில் விட்டிருந்த ரவிக்கையை மடித்து, ஊசி எடுத்து, நூல்கண்டோடு ஒரு பைக்குள் போட்டு வைத்திருந்தார். அவ்வளவு அக்கறை. தூக்கிப் போட்டு உடைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், நான் வருவேன் என்று தெரிந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. சண்டை போட நிறைய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஊரெல்லாம் கேட்டீங்களே. என்னைய ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"ஒன்னையப் போயி என்னத்தட்டி கேக்க? நீ வீட்டு ஆளு."

அதை அவர் கூசாமல் சொன்னார். குரலில் பாசம்கூட இருந்தது. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

"குடிச்சிட்டுக் கெடந்தவன வீடு தேடிப் போயிக் கேட்டீங்க. வெட்டப் போற மரத்துக்குக் கேட்டீங்க. என் பொழைப்புக்கு நான் ஒரு ஆளு இல்லையாக்கா?"

"வெளிய பார்க்கு கேட்டுப் பக்கத்துல ஒனக்கு ஒரு எடம் பேசித் தாரேன்ட்டி. பார்க்கு நல்லா வந்தா ஒனக்கும்தான நல்லது? வீட்டு ஆளுன்னா வீட்டுக்காகக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்ல?"

"கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "குடுத்திருப்பியா?" என்றார்.

எனக்கு அந்த முருங்கை மரம் ஞாபகம் வந்தது. கேட்டால் கட்டுப்பட வேண்டும், கட்டுப்பட முடியாதென்றால் கேட்கக் கூடாது. நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அக்காவால் அந்த மெஷினைத் தொட்டிருக்க முடியாது. பணமும் வந்திருக்காது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் பகுதியிலேயே ஒரே ஒரு வீட்டுப் படியை மட்டும் அவர் ஏறவில்லை. மறதி இல்லை, அவசரம் இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்தது. இதற்குத் துரோகம் என்று பெயர். அவரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

"செத்த லைன்ல இரு" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து உள்ளே போனார். அடுப்பு எரிகிற சத்தம் இல்லை, பால் வாசனையும் இல்லை. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

பார்க் நன்றாக வந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண் கொள்ளாத அழகு. மண்டபத்துக்கு வெள்ளை அடித்து, ஒலிபெருக்கியைத் துலக்கி, நடைபாதைக்குக் கல் பாவினார்கள். வேலை முடிவதற்குள்ளேயே பேக்கரி ஷட்டர் ஏறியது. மூடிக் கிடந்த வீடுகளில் கோலம் விழுந்தது. வாடகை ஏறியது, எங்கள் வீட்டுக்கும் ஏறியது. கேட்டுப் பக்கத்தில் எனக்குப் பேசித் தருவதாகச் சொன்ன இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. நான் வீட்டு வாசலில் மெஷினைப் போட்டிருக்கிறேன். முட்டுச்சந்து, தேடி வருகிறவர்கள் குறைவு. சுந்தரபாண்டியத்து ஆட்கள் எங்கே போய்விட்டேன் என்று விசாரித்ததாகக் கருப்பசாமி அண்ணன் வந்து சொன்னார்.

அக்கா அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் இரண்டு பேருமே செல்போனைக் காதில் வைத்துக்கொள்வோம்.

திறப்புவிழாவுக்கு முந்தின வாரம், ஒருநாள் காலையில் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து கிடக்கிற கதவை யார் தட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அக்கா. இத்தனை வருஷமும் பின்வாசல் வழியாக வந்து, அடுக்களையில் சட்டியைத் திறந்து, "என்னட்டி கொழம்பு?" என்று கேட்கிற அக்கா, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படிக்கு வெளியே நின்றார். கையில் தட்டு. நான் "வாங்கக்கா" என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைத்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். என் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, எப்போதும் தரைதான். நுனியில் உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். சிமிழைத் திறந்து தட்டை நீட்டினார். நான் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டேன். கல்கண்டில் இரண்டு எடுத்தேன்.

"ஞாயித்துக்கெழமை பார்க்குத் தொறக்காங்க. குடும்பத்தோட வந்துருங்க" என்றார்.

வாட்டி, போட்டி என்றுதான் பேசுவார், ஒருநாளும் அவர் என்னை வாங்க, போங்க என்றதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன். "கண்டிப்பா வாரோம்க்கா."

அவர் எழுந்தார். வாசலில் போர்வை போர்த்தியபடி மெஷின் நின்றது, அவருடைய போர்வைதான். அதைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் வாயில் கல்கண்டோடு நின்றேன். செத்த நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் அதே குரல் கேட்டது.

"ஞாயித்துக்கெழமை பார்க்குத் தொறக்காங்க. குடும்பத்தோட வந்துருங்க."

என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.